என்னை எடுக்காதீங்க, அப்பாவை எடுங்க

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் சிலர் கேட்டீர்கள்: "அக்கா, கைக்குள்ள அடங்குற மிரர்லெஸ் கேமராவ தினப்படி வேலைக்கு எப்படி வச்சிக்கிறது, எந்தப் பட்டனுக்கு எந்த வேலையக் குடுக்கிறது, கொஞ்சம் எழுதிக் குடுங்க லா." எழுதுகிறேன். ஆனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதைப் படித்து உங்களுக்குத் தெம்பு வராது. தெம்பு வேண்டுமென்றால் கேமரா கடைக்குப் போங்கள். அங்கே சிரித்த முகத்தோடு எல்லாம் சொல்லித் தருவார்கள், தோள்பட்டையையும் தட்டிக் கொடுப்பார்கள்.

நான் லுக்குட்டில் ஒரு மோட்டார் பட்டறைக்கு மேல்மாடியில் இருப்பவள். போர்டிக்சன் சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களிலும் தாமான் குடியிருப்புகளிலும் கல்யாணம், சடங்கு, வளைகாப்பு, சாவு எல்லாவற்றுக்கும் படம் எடுத்தேன். பெண்கள் கூடியிருக்கும் அறைக்குள் ஆண் போட்டோகாரர் போக முடியாது என்பதால் என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். பிறகு அதுவே பழகிப்போய் எல்லாவற்றுக்கும் கூப்பிட்டார்கள். பேரப்பிள்ளை எடுத்த பிறகும் ஊருக்கெல்லாம் நான் அக்காதான். இப்போது எடுப்பதில்லை. கை நடுங்குகிறது என்று சொல்லிக்கொள்கிறேன். கொஞ்சம் நடுங்குவதும் உண்மைதான்.

பெரிய கேமராவை விட்டு நான் சின்னதற்கு மாறியதற்குக் காரணம் முதுகுவலி என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. தோட்டத்து வீட்டு முன்கூடம் எவ்வளவு இருக்கும்? நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் வாசலில் நிற்க வேண்டும். அதற்குள் பீரங்கி மாதிரி ஒரு கேமராவைத் தூக்கிக்கொண்டு போனால் குழந்தை அழும், கிழவர்கள் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்துவிடுவார்கள். சின்னக் கேமராவில் பின்பக்கத் திரையை மேலே நிமிர்த்திவிட்டு, இடுப்பளவில் வைத்துக் குனிந்து பார்த்து எடுக்கலாம். முகத்தை எதுவும் மறைக்காது. எதிரில் இருப்பவருக்கு நான் கேமராவாகத் தெரியமாட்டேன், யாரோ ஒரு அக்காவாகத்தான் தெரிவேன்.

சின்னதுக்கு ஒரு சனியன் உண்டு. எல்லாச் சக்கரமும் எல்லாப் பட்டனும் ஒரு விரல் அகலத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். பையில் போட்டு எடுத்தால் ஒன்று நகர்ந்திருக்கும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரம் திரும்பியிருந்தால் மணப்பெண் பேயறைந்தவள் போல வெளுத்திருப்பாள். ஒருமுறை ஒரு சடங்கு வீட்டில் என் கட்டைவிரல் வீடியோ பட்டனில் பட்டுவிட்டது. எனக்குத் தெரியாது. கேமராவைத் தொடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அந்த அறைப் பெண்கள் ஊர் மருமகள்களை எல்லாம் ஒருவர் விடாமல் பிய்த்து உதறியது முழுக்கப் பதிவாகிவிட்டது. படம் தெரியவில்லை, என் சேலை மடிப்பும் கூரையும்தான். சத்தம் மட்டும் சுத்தமாகக் கேட்டது. அதை அந்த வீட்டுக்குக் கொடுத்திருந்தால் அரைத் தோட்டத்தில் அடுப்பு பற்றியிருக்காது.

அது சிரிக்கிற கதை. அதனால்தான் முதலில் சொன்னேன். இனிச் சொல்லப்போவது வேறு.

அந்தக் கேமராவில் மேலே இடது மூலையில் சின்னதாக ஒரு சக்கரம் இருக்கும். ஒரு தடவை அமுக்கினால் ஒரு படம் என்பது ஒரு நிலை. விரலை எடுக்கும்வரை படம் படமாக எடுத்துக்கொண்டே போவது இன்னொரு நிலை. நான் எப்போதும் ஒற்றைப் படத்தில்தான் வைத்திருப்பேன். நூறு எடுத்து ஒன்றைப் பொறுக்குவது எனக்குப் பிடிக்காது. மெனுவுக்குள்ளே சத்தத்தை அடைக்கிற வசதியும் உண்டு. அதைப் போட்டுவிட்டால் கேமரா எடுத்ததா இல்லையா என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. எடுப்பவருக்கே சில நேரம் தெரியாது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு தோட்டம். அங்கே எண்ணெய்ச் செம்பனைக் குலை வெட்டுகிற ஒருவரின் ஒரே மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, கோயில் மண்டபமும் பேசியாகிவிட்டது. பெண் பெயர் யோகேஸ்வரி, யோகேஸ் என்று கூப்பிடுவார்கள். அம்மா இல்லை. அப்பாவும் அவளும்தான். மாப்பிள்ளை போர்டிக்சனில் குத்தகைக்கு வெல்டிங் வேலை செய்கிற பையன், வாய் அதிர்ந்து பேசாத பிள்ளை. முகூர்த்தத்துக்கு இன்னும் சில மாதம் இருக்கும்போது அப்பாவுக்கு நுரையீரலில் புற்று என்று தெரிந்தது. தெரிந்தபோதே முற்றியிருந்தது. சிரம்பான் ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் பார்த்துவிட்டு, வீட்டுக்கு அழைத்துப் போய் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

நம்மவர்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீட்டில் சாவு விழுந்தால் ஒரு வருடத்துக்கு நல்ல காரியம் கிடையாது. ஒரு வருடம் என்பது வெறும் ஒரு வருடமாக இருப்பதில்லை. இடையில் மாப்பிள்ளை வீட்டில் யாராவது எதையாவது சொல்வார்கள். கல்யாணம் பேசின நேரம் அப்பனை முழுங்கிட்டா என்று ஒரு வாய் ஆரம்பித்தால் போதும், அந்தப் பெண்ணை அதன்பிறகு யார் வந்து பார்ப்பார்கள்? அதனால் அப்பாவின் தம்பி, யோகேஸின் சித்தப்பா, ஓடி ஆடிப் பேசி, மண்டபத்தை விட்டுவிட்டு, வீட்டு முன்கூடத்திலேயே அவர் கண்ணெதிரில் தாலி கட்டிவிடுவது என்று முடிவு செய்தார். எனக்குச் சித்தப்பாதான் போன் போட்டார். "அக்கா, வெள்ளிக்கிழம காலையில. சின்ன கேமராவக் கொண்டாங்க. அண்ணன் பயந்துடக் கூடாது."

போனேன். வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். உள்ளே முன்கூடத்தின் பாதியை இரவல் வாங்கி வந்த ஆஸ்பத்திரிக் கட்டில் அடைத்துக்கொண்டிருந்தது. கட்டில் காலிலும் ஒரு சாமந்திச் சரம் சுற்றியிருந்தார்கள். ஆக்ஸிஜன் மெஷின் ஒன்று விடாமல் உறுமிக்கொண்டிருந்தது. தலையணைகளை அடுக்கி அப்பாவைச் சாய்வாக உட்கார வைத்து, வெள்ளை வேட்டி, புதுச் சட்டை போட்டிருந்தார்கள். சட்டை அவருக்கு இரண்டு ஆள் பெரிதாக இருந்தது. வாங்கும்போது சரியாக இருந்திருக்கும்.

நான் சமையலறைக்குப் போய் கேமராவைச் சரி செய்தேன். சத்தத்தை அடைத்தேன். மூச்சுக்குத் திணறுகிற மனிதர் பக்கத்தில் டிக் டிக் என்று அடிக்கக் கூடாது. பளிச்சென்று வெளிச்சம் அடிக்கிற விளக்கையும் அணைத்தேன். அதைச் செய்துகொண்டிருக்கும்போது யோகேஸ் உள்ளே வந்தாள். கூறைச் சேலை, தலை நிறையப் பூ, ஒரு கண்ணில் மை கரைந்திருந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்."

"சொல்லுமா."

"தாலி கட்டுறப்ப என்னைய எடுக்காதீங்க. அப்பாவ எடுங்க."

நான் கேமராவைக் கீழே வைத்தேன்.

"நான் தலையக் குனிஞ்சிருப்பேன் லா அக்கா. திரும்பக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அப்பா மூஞ்ச என்னால பாக்க முடியாது. அவரு எப்படி இருந்தாருன்னு நான் பொறவு பாத்துக்கிறேன். தாலிய மத்தவங்க போன்ல எடுப்பாங்க. அப்பாவ யாரும் எடுக்க மாட்டாங்க."

சரி என்றேன்.  இவ்வளவு காலம் தொழிலில் இருந்தேன், என்னை அழகாக எடுங்கள் என்று கேட்ட பெண்கள்தான் எல்லோரும். தன் கண்ணை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனவள் இவள் ஒருத்திதான்.

இங்கே உங்களுக்கு வேலைக்கு ஆகிற ஒன்றைச் சொல்கிறேன். முகத்தைத் தேடிப் பிடிக்கிற வசதியை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். கேமராவுக்கு யார் முக்கியம் என்று தெரியாது. பக்கத்தில் பெரிதாகத் தெரிகிற முகத்தைத்தான் அது முக்கியம் என்று எடுத்துக்கொள்ளும். மணவறையில் அது மாப்பிள்ளை முகமாக இருக்கும், இல்லையென்றால் குறுக்கே புகுந்த மாப்பிள்ளைத் தோழன் முகமாக இருக்கும். நான் அந்த வசதியை நிறுத்திவிட்டு, திரையில் அப்பா முகத்தின் மேல் விரலை வைத்தேன். சின்னக் கட்டம் அவர் கண்ணில் போய் நின்றது. யாரைத் தெளிவாகக் காட்டுவது, யாரை மங்கலாக விடுவது என்பது மனிதர் எடுக்க வேண்டிய முடிவு. அதைக் கருவியிடம் விடாதீர்கள்.

நான் கட்டிலுக்கு எதிரே சுவரோரம் தரையில் உட்கார்ந்தேன். எனக்கும் கட்டிலுக்கும் நடுவில், ஒரு பக்கமாக, பாயில் மாப்பிள்ளையும் பெண்ணும். அப்பா அவளுக்குச் சற்றுப் பின்னால் இருந்தார். தோட்டத்துக் கோயில் பண்டாரம் மந்திரம் சொல்லிக்கொண்டே அட்சதைத் தட்டைச் சுற்றிக் கொடுத்தார். சித்தப்பா ஒரு பிடி மஞ்சள் அரிசியை அண்ணன் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடிவிட்டார். அப்பா உடனே அந்தக் கையைத் தூக்கிக்கொண்டார். நெஞ்சுக்கு மேலே, காற்றில், மூடிய கை.

"இன்னும் நேரம் இருக்குண்ணே. கைய எறக்கி வை."

"எறக்குனா தூக்க முடியாதுடா," என்றார் அப்பா.

அவர் குரலை நான் கேட்டது அவ்வளவுதான். நாள் முழுக்க நீட்டுக் கம்பில் அரிவாளைக் கட்டிக்கொண்டு, அண்ணாந்து பார்த்துக்கொண்டே குலை வெட்டிய கை அது. ஆட்டம் கண்டது, ஆனால் இறங்கவில்லை. சித்தப்பா முழங்கைக்குக் கீழே தலையணை ஒன்றைத் தள்ளிவைத்தார். அவர் அதில் சாயவில்லை.

மந்திரம் நீண்டது. நான் லென்ஸை நீட்டி அவரைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளங்கை அளவு திரையில் அவர் முகமும் அந்தக் கையும் மட்டும். மூக்கில் குழாய். கண் மகளை விட்டு நகரவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும் அவள் பின்னங்கழுத்தும் பூவும்தான். அதையே அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார். பண்டாரம் தாலியைத் தட்டில் இருந்து எடுத்து மாப்பிள்ளையிடம் நீட்டினார். "மேளம்!" என்றார். சித்தப்பா கைபேசியைத் தட்டினார். ஜன்னல் மேல் வைத்திருந்த ஸ்பீக்கரில் கெட்டிமேளம் பிளந்துகொண்டு கிளம்பியது. எல்லோரும் எழுந்தார்கள். எல்லோர் கையிலும் போன். நான் விரலை அமுக்கினேன்.

அமுக்கியபோது கை மேலே இருந்தது. கண் பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு கை கீழே இறங்கியது. விழவில்லை. யாரோ வாங்கி வைத்தது போலப் போர்வை மேல் வந்து படுத்துக்கொண்டது. கண் திறந்தேதான் இருந்தது. பார்வை இருந்த இடத்தில் கண் மட்டும் இருந்தது. நான் சாவு வீடுகளில் நிறைய எடுத்தவள். எனக்குத் தெரிந்துவிட்டது.

மாப்பிள்ளை கையில் தாலி இன்னும் அவள் கழுத்துக்கு வரவில்லை.

அந்த வீட்டில் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான். தலைமாட்டில் நின்ற சித்தப்பா முன்னால் பார்த்து அட்சதைக்குக் கை ஓங்கியிருந்தார். மெஷின் உறுமலை மேளம் விழுங்கிவிட்டது. நான் வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னால் தாலி அந்த இடத்தில் நிற்கும். பிறகு ஒரு வருடம். அந்த வருடத்தில் என்னென்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும், பேசிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். வாயைத் திறக்காவிட்டால் அப்பன் பிணத்தின் முன்னால் மகள் கழுத்தில் தாலி ஏறும். எதைச் செய்தாலும் அந்தப் பெண்ணுக்கு நான் செய்கிற கொடுமைதான். நல்லது என்று ஒன்று அந்த அறைக்குள் எங்குமே இல்லை.

நான் பேசவில்லை. சரி என்று நினைத்துப் பேசாமல் இருந்தேன் என்று உங்களிடம் பெருமை அடிக்க மாட்டேன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அமுக்கிய விரல் அமுக்கியபடியே இருந்தது. முதல் முடிச்சு விழுந்தது. மாப்பிள்ளையின் அக்கா குனிந்து மற்ற முடிச்சுகளைப் போட்டாள். அரிசி பறந்தது. கட்டில் மேலும் விழுந்தது, அவர் முகத்திலும் விழுந்தது. அவர் கண் சிமிட்டவில்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை.

பெண்ணும் மாப்பிள்ளையும் எழுந்து ஆசீர்வாதம் வாங்க முதலில் அவரிடம்தான் வந்தார்கள். காலில் விழுந்தார்கள். யோகேஸ் எழும்போது அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டே எழுந்தாள். "அப்பா," என்றாள். இன்னொரு தடவை, "அப்பா?" அதற்குப் பிறகு எழுந்த சத்தத்தை எழுதத் தெரியவில்லை எனக்கு. மேளம் ஓடிக்கொண்டே இருந்தது. சித்தப்பா அதை நிறுத்தத் தெரியாமல் போனைத் தரையில் போட்டுவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் அழுகைக்கு நடுவே ஒரு பேச்சு கிளம்பியது. யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது.

"மக தாலியப் பாத்துட்டுத்தான் போயிருக்காரு."

"ஆமா லா, அதுக்காகத்தான் உசுரப் புடிச்சி வச்சிருந்தாரு மனுசன்."

"பாத்துட்டாரு. நிம்மதியாப் போயிட்டாரு."

ஒருவர் சொல்ல இன்னொருவர் சொல்ல அது அந்த வீட்டில் நிலைத்துவிட்டது. யோகேஸ் அதைப் பிடித்துக்கொண்டாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கழுத்தில் புது மஞ்சள் கயிறோடு, வருகிறவர்களிடம் எல்லாம், "அப்பா பாத்துட்டாரு, அப்பா பாத்துட்டாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தாள். "அக்கா எடுத்திருக்காங்க," என்றாள்.

சித்தப்பா என்னை இருக்கச் சொன்னார். "இதையும் எடுத்துருங்கக்கா." எடுத்தேன். வாழைமரத்தை மட்டும் அவிழ்த்தார்கள். பந்தல் அதே பந்தல். காலையில் கல்யாணத்துக்கு வந்தவர்களே சாவுக்கும் இருந்தார்கள். ஒரே மெமரி கார்டில் இரண்டும் ஏறியது. நான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்: எடுத்தது ஒரே ஒரு படம். அதில் கை மேலே இருக்கிறது, கண் பார்க்கிறது. அவர் மட்டும்தான் இருக்கிறார், தாலி தெரியாது. அதைக் கொடுத்துவிடலாம். எப்போது எடுத்தது என்று முகத்தில் எழுதியா இருக்கிறது?

வீட்டுக்கு வந்து கேமராவைப் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மூலைச் சக்கரம் பைக்குள் நகர்ந்திருந்தது. தொடர்ந்து எடுக்கிற நிலையில் இருந்தது. சத்தத்தை நானே அடைத்துவிட்டதால் அது ஓடியது என் காதுக்குக் கேட்கவில்லை. திரை ஓரத்தில் ஒரு சின்னக் குறி சிமிட்டியிருக்கும், அதைப் பார்க்கிற நிலையிலா இருந்தேன்? விரலை எடுக்காமல் இருந்த நேரம் முழுக்க அது எடுத்துத் தள்ளியிருந்தது. கை மேலே. கை மேலே. கை மேலே. பிறகு கை கீழே. அதன்பிறகு அந்தக் கண், படத்துக்குப் படம், ஒரு இழை மாறாமல். கடைசிப் படங்களில் முகத்தின் மேல் மஞ்சள் அரிசி.

அழிப்பதற்குக் கேமராவில் ஒரு பட்டன் இருக்கிறது. அமுக்கினேன். அழிக்கலாமா என்று கேட்டது. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அழித்தால் யாருக்கு என்ன நட்டம்? ஆனால் அந்த மனிதரின் கடைசி நேரம் அதற்குள்தான் இருக்கிறது. வேறு எங்கும் இல்லை. அதைப் பார்த்தது நானும் அந்தக் கருவியும்தான். நான் என்றைக்கோ மறந்துபோவேன். வேண்டாம் என்று அமுக்கிவிட்டுக் கேமராவை அலமாரியில் வைத்தேன். அது அங்கே இருக்கிறது என்ற நினைப்பிலேயே சோறு இறங்கவில்லை. என் வேலையின் மேல் எனக்கு இருந்த கொஞ்ச நஞ்சப் பிடிப்பும் அந்த நாட்களில்தான் அற்றுப்போனது. படம் எதையும் காப்பாற்றாது, பிள்ளைகளா. போனதைப் போனபடியே வைத்திருக்கும், அவ்வளவுதான்.

கருமாதி முடிந்து யோகேஸ் மாப்பிள்ளையோடு மோட்டார் சைக்கிளில் வந்தாள். மாப்பிள்ளை கீழே பட்டறை ஓரமாக நின்றுகொண்டார். அவள் மட்டும் படியேறி வந்தாள். நான் அந்த முதல் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, உறையில் வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். மடியில் வைத்துப் பார்த்தாள். அப்பா முகத்தை விரலால் தொடவில்லை, கையைத்தான் தொட்டாள்.

"இது கட்டுறப்பவா அக்கா?"

"கட்டுறப்பதாம்மா."

"பாக்குறாரு, இல்ல?"

"பாக்குறாரு. ஒன்னையேதான் பாக்குறாரு."

அதில் பொய் இல்லை. அவள் தலையாட்டினாள். 

"அக்கா, அப்பாவக் குளிப்பாட்டுறப்ப கை மூடியே இருந்துச்சி. சித்தப்பாதான் விரல ஒவ்வொண்ணாப் பிரிச்சாரு. நான் கிட்டதான் நின்னேன்." அவள் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "உள்ள அரிசி இருந்துச்சிக்கா. எல்லாமே இருந்துச்சி. உள்ளங்கையில ஒட்டிக்கிட்டு."

நான் காலி உறையை எடுத்து மடித்தேன்.

"பாத்திருந்தா அப்பா அரிசியப் போட்டிருப்பாரு. அதுக்காகத்தான் கைய எறக்காம வச்சிருந்தாரு. சித்தப்பா சொன்னாரு." அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "எல்லாரும் பாத்துட்டாருன்னு சொல்றாங்க. நானும் சொல்லிக்கிட்டுத் திரியுறேன். நீங்க ஒருத்தர்தான் அவரையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. கேமராவக் குடுங்க."

"வேணாம் லா யோகேஸ்."

"நாந்தான எடுக்கச் சொன்னேன்? குடுங்கக்கா."

அவள் கேட்டது நியாயம். அவள் கண்ணைத்தான் நான் இரவல் வாங்கியிருந்தேன். அலமாரியைத் திறந்து எடுத்து, அந்த இடத்துக்குக் கொண்டுபோய், கட்டைவிரல் படுகிற சக்கரத்தைக் காட்டினேன். இப்படித் திருப்பினால் அடுத்த படம், அப்படித் திருப்பினால் முந்தைய படம். சக்கரம் ஒரு பல் கடித்து நகர்ந்தால் ஒரு படம். இவ்வளவு காலத்தில் ஒருத்தருக்கு நான் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த ஒரே பட்டன் அதுதான்.

அவள் திருப்பினாள். கை மேலே. இன்னொன்று. கை மேலே. நான் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். அழுகைச் சத்தம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. சக்கரம் கடிக்கிற மெல்லிய சத்தம் நின்றது. பிறகு முன்னும் பின்னுமாகக் கேட்டது. ஒன்று முன்னால், ஒன்று பின்னால். மறுபடியும் ஒன்று முன்னால், ஒன்று பின்னால். என்ன செய்கிறாள் என்று தெரியாமல் திரும்பிப் பார்த்தேன்.

கை மேலே இருந்த கடைசிப் படத்துக்கும் கை இறங்கிய முதல் படத்துக்கும் நடுவில் அவள் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தாள். அந்த இரண்டையும் தாண்டி அவள் போகவில்லை. திருப்பினாள், கை இறங்கியது. திருப்பினாள், கை எழுந்தது. வேகமாகத் திருப்பத் திருப்ப, அந்த உள்ளங்கை அளவு திரையில் அவள் அப்பா கையை ஓங்கி இறக்கிக்கொண்டிருந்தார். ஓங்கி, இறக்கி. ஓங்கி, இறக்கி.

"பாருங்கக்கா," என்றாள், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "போடுறாரு. அப்பா அரிசி போடுறாரு."

"ஆமாம்மா," என்றேன். "போடுறாரு."

கீழே மாப்பிள்ளை ஒருமுறை ஹார்ன் அடித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். திரை மூலையில் பேட்டரி சிவப்பாகச் சிமிட்ட ஆரம்பித்திருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. நான் சார்ஜர் வயரை எடுத்து வந்து, அவள் விரலில் இடிக்காமல் கேமராவில் செருகிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.